மகள் வீட்டுத் தண்ணீர்

காலை பத்து மணியிலிருந்து சுமேர் ஐந்து முறை எழுந்துபோய்க் கோர்ட்டுச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நாற்பத்தேழாவது வழக்கு, ஜாமீன் மனு, அரசு எதிர் பிரிஜேஷ் குமார். ஒவ்வொரு முறையும் அது நாற்பத்தேழாவதாகவேதான் இருந்தது. செத்துப்போன மகள் ராஜ்வந்தியின் பெயர் அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. அதையும் ஒவ்வொரு முறையும் பார்த்தார். திரும்பி வந்து வக்கீலின் தகரக் கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டு நிமிஷத்தில் தொடை தானாக ஆட ஆரம்பித்துவிடும். முப்பது வருஷம் செங்கல் சூளையில் குந்தியபடியே மண் பிசைந்து அச்சில் அடித்தவருக்கு, காலைத் தொங்கப்போட்டு உட்காருவது யாரோ ஒருவனின் உடம்புக்குள் உட்கார்வதுபோல இருந்தது. எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை உதறினார். மறுபடி உட்கார்ந்தார்.

"லவ்குஷ் அப்பா, ஒரு இடத்துல இருங்களேன்," என்றாள் துலாரி. மனைவி இதுவரை அவர் பெயரைச் சொன்னதில்லை. மகன் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவாள். "நீங்க நடந்தா ஜட்ஜு சீக்கிரம் வந்துடுவாரா?"

மருமகன் பிரிஜேஷ் ஜெயிலுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது. அவனுடைய அம்மா ராம்ரதி வயசையும் முழங்கால் வலியையும் சொல்லி இரண்டாம் மாதமே வெளியே வந்துவிட்டாள். இப்போது எதிரே வேப்பமரத்தடியில் சணல்பையை விரித்து உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். வரதட்சணையில் மோட்டார் சைக்கிள் வரவில்லை என்று மூன்று வருஷம் ராஜ்வந்தியைத் தின்றவள். பெண் தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று அவர்கள் சொன்னார்கள். கால் இரண்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன என்று இறக்கியவர்கள் சொன்னார்கள்.

வக்கீல் ஸ்ரீவாஸ்தவா எதிர்த்தரப்பு மனுவை ஆட்டிக்கொண்டே வந்தார். "மாட்டிக்கிட்டானுங்க சுமேர்! ஒன்பதாவது பத்தியைக் கேளு." மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "இறப்பதற்கு ஐந்து நாட்கள் முன்பு மனுதாரரின் வீட்டுக்கு வந்த இறந்தவளின் தந்தை, அங்கே தேநீர் அருந்தி, மனநிறைவுடன் திரும்பினார். எந்தக் குறையும் சொல்லவில்லை. வரதட்சணைக் கதை பிறகு ஜோடிக்கப்பட்டது." காகிதத்தைப் புறங்கையால் தட்டினார். "இதை எழுதினவன் டவுன்காரன். இந்தப் பக்கத்துல எந்த அப்பன்யா கட்டிக்குடுத்த பொண்ணு வீட்டுல வாய் நனைப்பான்? ஜட்ஜும் நம்ம பக்கத்து ஆளுதான். அவரு அப்பா மக வீட்டுக்குப் போறப்ப கையில செம்புத் தண்ணியோடதான் போயிருப்பாரு. இந்த ஒரு பொய்யைப் பிடிச்சோம்னா மொத்த மனுவும் பொய்னு ஆயிடும். விட்டோம்னா, சம்பந்திங்க நல்லாத்தான் இருந்தாங்கன்னு சொல்லி, சாயங்காலமே பையன் வீட்டுக்குப் போயிடுவான்."

"தண்ணியா?" என்று துலாரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "ஊர் எல்லையில அடிபம்புல குடிச்சிட்டுத்தான் இவரு அந்தத் தெருவுக்குள்ளயே போவாரு. அவங்க வீட்டுக்கு ஓடு மாத்தின விருந்தன்னிக்கி ஊரே பந்தியில உக்காந்திருக்கு, இவரு வெளியில நின்னுகிட்டு மடியில இருந்த வெல்லத்தைக் கடிச்சிட்டு இருந்தாரு. வேணும்னா என்னைக் கூண்டுல ஏத்துங்க, நான் சொல்றேன்."

"நீ ஏறினா ஜட்ஜு இறங்கிடுவாரும்மா," என்று சிரித்தார் வக்கீல். டைப் அடிப்பவனிடம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தார். "மூன்று ஆண்டுகளில் ஒரு முறைகூட, ஒரு வாய் தண்ணீர்கூட... சுமேர், சரிதானே? வாயைத் திறய்யா."

சுமேர் துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு போனதுலேர்ந்து இப்படித்தான் ஐயா," என்றாள் துலாரி. "நீங்க எழுதுங்க."

டைப் மெஷின் சத்தம் மண்டைக்குள் விழுந்தது. சுமேர் எழுந்து குழாயடிக்குப் போனார். தாகம் ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்து கையை நனைத்துக்கொண்டு நின்றார்.

"குடிங்க சம்பந்தி. கோர்ட்டுத் தண்ணிதானே, பாவம் ஒட்டாது." ராம்ரதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "உங்க வக்கீலு போடற சத்தம் வேப்பமரம் வரைக்கும் கேக்குது. ஒரு வாய்கூட குடிக்கலியாமே?"

அவர் குழாயை மூடினார்.

"டம்ளருக்கு அடியில பத்து ரூபா வெச்சிட்டுப் போனீங்களே, அது என்ன, எங்க ஊரு எருமைக்குத் தவிட்டுக் காசா? அந்தக் காசை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நீங்க டீ குடிச்சதையே வீட்டுல சொல்லலபோல, சம்பந்தியம்மா அந்தக் குதி குதிக்கிறாங்க." குரலைத் தாழ்த்தினாள். "போங்க, சத்தியம் பண்ணுங்க. பண்ணிட்டு வந்து இங்கயே வாயைக் கொப்புளிச்சுக்கோங்க."

அவள் நொண்டி நொண்டித் திரும்பிப்போனாள். பொய்க்காரிதான். ஆனால் அந்தப் பத்து ரூபாய் பொய் இல்லை.

ஹோலி முடிந்து நாலாம் நாள் அது. சூளையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வழக்கம்போல வாசல் கட்டிலில் நுனியில்தான் உட்கார்ந்தார். ராம்ரதி சுவரோரம் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ராஜ்வந்தி ஒரு ஸ்டீல் டம்ளரில் தேநீர் கொண்டுவந்து நீட்டினாள். அவருக்குத் திக்கென்றது. என்னம்மா இது, என்றார். "இன்னிக்கி ஒரு நாள் குடிப்பா," என்றாள். "மெதுவாக் குடி. ரொம்பச் சூடா இருக்கு. ஆறட்டும்." முந்தானையை மணிக்கட்டு வரை இழுத்துப் பிடித்திருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மாமியார் பார்க்கிறாளே என்று மாமியாரைப் பார்த்தார். மகளின் வார்த்தையைத் தட்டவும் முடியவில்லை, முறையை மீறி அங்கே உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. நாக்கு பொசுங்க நாலே மடக்கில் குடித்து முடித்தார். மகள் வீட்டில் எதைத் தொட்டாலும் விலை கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் அப்பா காட்டிய வழக்கம். மடியிலிருந்து பத்து ரூபாயை எடுத்து டம்ளருக்கு அடியில் வைத்தார். வரேம்மா, என்றார். ராஜ்வந்தி அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோதும் அவள் அப்படியே நின்றாள்.

ஆறட்டும் என்று அவள் சொன்னது எதற்கு என்று ஐந்து நாள் கழித்துப் புரிந்தது. அந்த டம்ளர் ஆறுகிற வரைக்குமாவது அப்பா உட்கார்ந்திருப்பார் என்று நினைத்திருக்கிறாள். அவர் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கொட்டகைக்குத் திரும்பியபோது வக்கீல் வேறு கோர்ட்டுக்குப் போயிருந்தார். டைப் அடித்த காகிதத்தைக் குமாஸ்தா நீட்டினான். "கீழ ஒரு ரேகை வைங்க பெரியவரே. சத்தியம் வாங்குற ஆபீசர் சாப்பாட்டுக்குக் கிளம்பறதுக்குள்ள போயிடணும்."

"ரேகை விழாது தம்பி," என்றார். மணலும் மண்ணும் தின்று அவர் விரல்களில் கோடே இல்லை. பெண்ணின் உடலை வாங்கிய அன்று போலீஸ்காரன் மூன்று முறை மையில் அழுத்தியும் வெறும் கறுப்புத்தான் விழுந்தது. "கையெழுத்துப் போடுவேன். படிச்சிட்டுப் போடுறேன்."

"படிப்பீங்களா?" குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தான். "சரி, விடிஞ்சிடும். வெத்தலை போட்டுட்டு வரேன்."

ராஜ்வந்தி மூன்றாம் வகுப்பு படித்தபோது, வரிசையாகக் காயவைத்த, சுடாத பச்சைக்கல்லின் மேல் துடைப்பக்குச்சியால் எழுத்தெழுதிக் காட்டியவள். நாற்பது வயசில் அவர் கற்றது அப்படித்தான். கல் காய்வதற்குள் ஒரு எழுத்து. மேஸ்திரி பார்த்தால் திட்டுவான் என்று இரண்டு பேருமாக உள்ளங்கையால் தேய்த்து அழிப்பார்கள். சில கற்களில் அழிக்க மறந்துவிடுவார்கள்; அவை அப்படியே வெந்து, எங்கெங்கோ யார் யார் வீட்டுச் சுவருக்குள்ளோ இருக்கின்றன.

விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தார். ஆறாவது வரியில் அது இருந்தது. ஒரு வாய் தண்ணீர்கூட. விரல் அங்கேயே நின்றுவிட்டது. பழைய சுமேராக இருந்தால் கட்டைவிரலை உருட்டிவிட்டு, என்ன எழுதினார்களோ எனக்கென்ன தெரியும் என்று இருந்துவிடலாம். இதில் கையெழுத்துப் போட்டால் அவன் உள்ளேயே கிடப்பான். கிடக்கட்டும், கிடக்க வேண்டியவன்தான். ஆனால் அந்த டம்ளர் இல்லாமல் போய்விடும். அவள் நீட்டவில்லை, மெதுவாகக் குடி என்று சொல்லவில்லை, எதையும் கேட்கவே இல்லை என்று ஆகிவிடும். அப்பனே கையெழுத்துப் போட்டு அழித்ததாக ஆகிவிடும்.

"துலாரி," என்றார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவரில்லை.

"நான் குடிச்சேன்."

"என்னத்தை?"

"டீ. கடைசியா போனப்போ. அவ கையால குடுத்தா."

துலாரி அவரையே பார்த்தாள். வேப்பமரத்தடியை ஒரு தரம் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம்பொண்ணு என்ன சொன்னா?" என்றாள் மெல்ல.

"ஆறட்டும்னு சொன்னா. மெதுவாக் குடின்னா. நான் நிக்கல."

மேசைமேல் குமாஸ்தாவின் பேனா கிடந்தது. சுமேர் அதை எடுத்து ஆறாவது வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். மண் அறுக்கும் கம்பிபோல நேராக விழுந்தது. பக்கவாட்டில் விரற்கடை இடம்தான் இருந்தது. பெஞ்சை விட்டு இறங்கி, சூளையில் உட்காருவதுபோலத் தரையில் குந்தி, காகிதத்தைப் பெஞ்சின் மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். பல்லி ஊர்வதுபோல எழுத்து ஊர்ந்தது. என் மகள் ராஜ்வந்தி எனக்குத் தேநீர் கொடுத்தாள்.

உள்ளே டவாலி, "நாற்பத்தேழு! அரசு எதிர் பிரிஜேஷ் குமார்!" என்று கூவினான். வேப்பமரத்தடியில் ராம்ரதி சணல்பையை உதறி எழுந்தாள். வெற்றிலைக் கடையிலிருந்து குமாஸ்தா ஓடிவந்தான். "பெரியவரே, என்ன பண்றீங்க? அதுல கிறுக்காதீங்க!"

காற்றில் காகிதம் மேலெழும்பியது. துலாரி அவருக்கு எதிரே குந்தி, இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் ஓரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பக்கவாட்டு இடம் தீர்ந்துபோயிருந்தது. சுமேரின் எழுத்துகள் மூலையில் திரும்பி, அவள் விரல்களுக்கு இடையில் நுழைந்து, கீழே இறங்கிக்கொண்டிருந்தன.