கண்டக்டரின் கால்கள்

ஓய்வுபெற்ற மூன்றாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கண்டக்டரின் கால்கள் அவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டுத் தனியாக நடக்கப் போயின. பழைய காக்கி பேண்ட்டோடு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் போயின. முதலில் பார்த்தவர் பால்காரர். ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்த மனிதர் அவர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் முன்னும் பின்னும் நடந்தே பாதி ஆயுள் கழிந்தது. மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகவே போய்ச் சேர்ந்த பிறகு, மகள் சூடு கண்ட பூனையானாள். தண்ணீர், பேப்பர், மாத்திரை எல்லாம் அப்பாவின் கைக்கே வந்தன. அவர் எழுந்தால் போதும், அடுப்பில் எது கருகினாலும் விட்டுவிட்டு ஓடி வருவாள்.

"தெருமுனை வரைக்கும் போய்ட்டு வரேனேம்மா."

"அம்மா மாதிரி விழுந்து வைக்கவா? பேசாம உக்காருங்கப்பா."

பாசம்தான். பாசத்துக்கு இவ்வளவு கனம் உண்டு என்று அவருக்கு அதுவரை தெரியாது.

கால்கள் மாலையில் புழுதியோடு திரும்பின. மகள் கழுவித் துடைத்து அவரோடு சேர்த்து வைத்தாள். மறுநாளும் போயின. கதவைப் பூட்டினாள், அவை உதைத்த உதையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நியாயம் பேச வந்துவிட்டார்கள். பிறகு திறந்தே விட்டாள், மழை நாளில் மட்டும் வைதாள். கண்டக்டர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். சொந்தக் கால்களைப் பார்த்தே ஒருவர் பொறாமைப்படுவது கொடுமை. வருடங்கள் ஓடின. கால்கள் முறுக்கேறின, மேலே உடம்பு நாற்காலியின் அளவுக்குச் சரிந்தது. ஒருநாள் மகளே மனமிரங்கி, "வாங்கப்பா, நடக்கலாம், நான் புடிச்சுக்கறேன்" என்றாள். கால்களைப் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. இடுப்புக்கு அவற்றை அடையாளமே தெரியவில்லை.

"விடும்மா, அதுங்களாவது போகட்டும்" என்றார். மகள் நாற்காலியின் கைப்பிடியில் முகம் புதைத்து அழுதாள்.

அவர் இறந்தபோது கால்கள் வெளியே போயிருந்தன. காத்திருந்து பார்த்துவிட்டு, அவை இல்லாமலே அடக்கம் செய்தார்கள். மாலையில் அவை வந்து காலி நாற்காலிக்கு முன்னால் நின்றன. உட்காரச் சொல்ல மகள் வாயெடுத்தாள், சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்தாள்.

இப்போதும் அவை தினமும் பஸ் ஏறுகின்றன. யாரும் டிக்கெட் கேட்பதில்லை. முதியோர் இருக்கை காலியாகவே கிடந்தாலும், அவை நின்றுகொண்டுதான் போகின்றன.