அண்ணன் வாங்கித் தந்த மாத்திரை

காப்பிக்கொட்டை வறுபடும்போது எந்த நொடியில் அடுப்பை அணைப்பது என்று எங்கள் கடையில் என் மூக்குதான் முடிவு செய்யும். அண்ணன் முதலாளி, நான் மூக்கு. சைனஸ் முற்றி, உள்ளே சதை வளர்ந்து, மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போனபோது என்னைவிட அவன்தான் இடிந்து உட்கார்ந்தான்.

டாக்டரம்மா கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். அந்த வாரமே ஒரு காலையில் சோப்பு மணத்தது. குளியலறையில் நின்று அழுதேன்.

"இது வீக்கத்தை அமுக்கி வைக்கும், அவ்வளவுதாம்மா. நிறுத்தினா திரும்ப வரும். தினமும் ஸ்பிரே அடிங்க, மூக்கைக் கழுவுங்க, ஆபரேஷனுக்கு யோசிங்க. இதையே அடிக்கடி சாப்பிட்டா சர்க்கரை ஏறும், எலும்பு போயிடும்," என்றார்.

ஆபரேஷன் என்றால் சில வாரம் கடைக்கு மூக்கு இருக்காது. "சீசன் முடியட்டும்," என்றான் அண்ணன். எங்கள் கடையில் என்றைக்கு சீசன் முடிந்திருக்கிறது? பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அவனே மாத்திரை வாங்கி வந்தான். வருஷக்கணக்கில் இதுதான் வழக்கம்: புதுச் சரக்கு இறங்கினால் மறுநாள் காலை என் தட்டருகே மாத்திரை இருக்கும். என் முகம் பூசணிக்காயாக உப்பியது, தூக்கம் தொலைந்தது. "நல்லா தேறிட்டே," என்று சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். வாசனை வேண்டியிருந்ததே எனக்கும்.

போன வாரம் கீழே கிடந்த சாக்கைக் குனிந்து எடுத்தேன். வெறும் சாக்குதான். முதுகில் ஏதோ நொறுங்கியது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து முதுகெலும்பு முறிவு என்றார்கள். சாயங்காலம் அண்ணன் வந்தான். "வலி இருக்கா?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து என் மூக்கருகே நீட்டினான்.

"நானே வறுத்தேன். சரியா இருக்கான்னு சொல்லு."

மேலே கருகல், உள்ளே பச்சை வாடை. கடைசியாக விழுங்கிய மாத்திரையின் தயவு, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னால் நாளைக்கும் மாத்திரையோடு வந்து நிற்பான்.

"ஒண்ணும் தெரியலண்ணா."

"மாத்திரை போட்டிருக்கியே! நல்லா இழுத்துப் பாரு."

"இப்ப மாத்திரைக்கும் கேக்கல. மூக்கு செத்துப்போச்சு."

அண்ணன் பொட்டலத்துக்குள் தன் மூக்கைப் புதைத்து இழுத்தான். நிமிர்ந்தான். மறுபடி புதைத்தான். கொட்டைகள் ஒவ்வொன்றாக என் போர்வைமேல் உதிர்ந்துகொண்டிருந்தன.