தள்ளினால் நிற்பவர்

அவரை எல்லாரும் விசிலக்கா என்றே அழைத்தார்கள். பேருந்து நடத்துநராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். விசிலைத் திருப்பிக் கொடுத்துப் பல காலம் ஆகியும் அப்பெயர் அவரை விட்டு இறங்கவில்லை, பழக்கங்களும் இறங்கவில்லை. எங்காவது மின்தூக்கியில் நான்கு பேர் நின்றால் போதும், "உள்ள தள்ளிப் போங்க, வாசல்லயே நிக்காதீங்க" என்று அதட்டுவார். தேநீரை உட்கார்ந்து குடித்து அவரை எவரும் கண்டதில்லை. முக்கியமாக, எந்தக் கைப்பிடியையும் தொடமாட்டார். எள் போட்டால் எள் விழாத நெரிசலில், ஒரு கையில் பயணச்சீட்டும் மறுகையில் சில்லறையுமாக, பிடிமானமே இன்றி ஊரைச் சுற்றி வந்தவர் அல்லவா? "கம்பியப் பிடிக்கிறதெல்லாம் டிக்கெட் வாங்கினவங்களுக்கு" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஆடாமல் அசையாமல் இருந்த குளியலறைத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை முடிந்தது. எலும்பு கூடிற்று, சமநிலை கூடவில்லை. ஆகையால் இயன்முறைச் சிகிச்சை நிலையம் ஒன்றில் தங்கிப் பயிற்சி பெற வேண்டியதாயிற்று.

அவருடைய வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம். மகளோ தன் வீட்டின் தரைத்தளத்தில் ஓர் அறையை ஒழித்து, கட்டில் போட்டு, திரைச்சீலைகூட மாட்டிவிட்டாள்.

"இனிமே தனியா இருக்கிற பேச்சே வேணாம்மா" என்றாள்.

"என்னைக் கேக்காமலே என் லக்கேஜை ஏத்திட்டியா?" என்றார் விசிலக்கா.

வாக்குவாதம் வளர்ந்து, இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நிலையத்தில் சமநிலைத் தேர்வு ஒன்று உண்டு. அதில் தேறினால் மூன்றாம் மாடி. தேறாவிட்டால் திரைச்சீலை மாட்டிய அறை.

முதல் தேர்வு ஒரு வேடிக்கையாய் முடிந்தது. சிகிச்சையாளர் இளம்பெண், நோயாளிகள் அனைவருக்கும் அவர் டாக்டரம்மா. விசிலக்காவைக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து அவர் முதுகின்மேல் விரல்களை வைத்து மெல்லத் தள்ளினார். விசிலக்கா இம்மியும் அசையவில்லை. சற்று அழுத்தித் தள்ளினார். நட்டுவைத்த தூண்போல நின்றார். "அபாரம்!" என்று வியந்த டாக்டரம்மா, "இப்ப ஒண்ணும் செய்யமாட்டேன். கண்ணை மூடிச் சும்மா நில்லுங்க, போதும்" என்றார்.

விசிலக்கா கண்ணை மூடினார். யாரும் தொடவில்லை, காற்றுக்கூட வீசவில்லை. வெட்டுண்ட மரம்போல மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்தார். டாக்டரம்மா பாய்ந்து தாங்கிக்கொண்டார்.

சுவரோரம் தன் முறைக்குக் காத்திருந்த மேஸ்திரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கவாதத்தால் இடப்பக்கம் தளர்ந்து வந்தவர் அவர். வாய் மட்டும் தளராதவர். "நானும் எத்தனையோ சுவர் கட்டியிருக்கேன் அக்கா. தள்ளினா நிக்குது, தள்ளாட்டி விழுது, இப்படி ஒரு சுவரைப் பார்த்ததே இல்ல!"

"உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும் மேஸ்திரி" என்றார் விசிலக்கா. ஆயினும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. உடன் வந்திருந்த மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னொரு தேர்வு மாதக் கடைசியில் என்று டாக்டரம்மா அறிவித்தார். அதுவே இறுதி.

அன்றிரவு முழுவதும் விசிலக்கா கட்டிலின் இரு விளிம்பையும் பற்றியபடியே படுத்திருந்தார். விழுந்த நாள் முதலாக அவர் உறங்குவது அப்படித்தான்.

மறுநாள் காலையில் தாய்-சி வகுப்பு தொடங்கியது. சீனத்தில் தோன்றிய அப்பயிற்சியைச் சமநிலை குன்றியவர்களுக்காக எளிமையாக்கி டாக்டரம்மா கற்பித்தார். பெரிய கூடம், ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு நாற்காலி. முழங்காலைச் சற்றே தளர்த்தி, உச்சந்தலையை நூலில் கட்டித் தூக்கியதுபோல் நிமிர்ந்து, உடலின் கனத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெதுவாக மாற்ற வேண்டும். கைகள் முகத்தின் முன்னே மேகம் நகர்வதுபோல் நகர வேண்டும். மூச்சும் அவ்வாறே நீண்டு வர வேண்டும்.

"இந்த வேகத்துல போனா கடைசி ஸ்டாப்புக்கு எப்பப் போய்ச் சேர்றது?" என்று விசிலக்கா முணுமுணுத்தார்.

"ஸ்டாப்பே கிடையாதுக்கா. போய்க்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

மற்றவர்கள் முன்னேறினார்கள். மேஸ்திரிகூடத் தளர்ந்த காலில் கனத்தை ஏற்றக் கற்றுக்கொண்டார். விசிலக்கா மட்டும் கனத்தை மாற்றும்போதெல்லாம் விறைத்தார், கால்விரல்கள் தரையைக் கவ்வின, குதிகால் அழுந்தியது, முதுகு பின்னுக்குச் சென்றது, தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். ஒவ்வொரு வகுப்பிலும் இதே கதை. மகள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "பரவாயில்ல" என்று பிடிகொடுக்காமல் பேசினார். மாதம் தேய்ந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் அவர் விழப்போகும் நேரத்தில் டாக்டரம்மா முன்னால் வந்து நின்று கேட்டார்: "அக்கா, அப்படியே இருங்க. இப்ப மனசுல என்ன ஓடுது?"

யோசிப்பதற்கு முன்பே விடை வாயிலிருந்து வந்துவிட்டது.

"எப்பப் பிரேக் போடுவான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

டாக்டரம்மா இன்னும் அருகில் வந்தார்.

"யாரு பிரேக் போடுவா?"

"டிரைவர்தான், வேற யாரு?" என்று சொல்லிவிட்டு விசிலக்கா தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார்.

கூடம் குலுங்கியது! நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விசிலக்காவுக்கும் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. டாக்டரம்மாவுக்கோ கால் தரையில் பாவவில்லை. "அதான்! அதேதான்! பிரேக் போட்டா ஆள் முன்னாடி விழும். விழாம இருக்க நீங்க முன்கூட்டியே பின்னாடி சாயறீங்க. யாராவது தள்ளினா சரியாப் போயிடுது. தள்ளலைன்னா…"

"சரிஞ்சுடறேன்!" என்று முடித்தார் விசிலக்கா. "அடக் கடவுளே, நான் இன்னும் டியூட்டியிலதான் நிக்கிறேனா?"

"அக்கா, வண்டி டெப்போவுக்கு வந்து எஞ்சினையும் அணைச்சாச்சு" என்றார் மேஸ்திரி. "நீங்கதான் இன்னும் எறங்கல."

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. அதனாலேயே அது தீர்ந்துவிடுமா? 'விறைக்காதே' என்று உடலுக்கு ஆணையிட்டால் அது மேலும் விறைத்தது. ஆகவே டாக்டரம்மா ஆணையிடுவதை விட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். "இப்ப எந்தக் கால்ல கனம் இருக்கு? பாதத்துல எந்த இடத்துல? இப்ப எங்க நகர்ந்துச்சு?" விடை சொல்ல வேண்டுமானால் விசிலக்கா தம் பாதத்தைக் கவனிக்க வேண்டும், பாதத்தைக் கவனிக்கும்போது வராத பிரேக்குக்குக் காத்திருக்க இயலாது. வலப்பாதத்தில் கனம் மெல்ல நிறைவதையும் இடப்பாதம் குடம் காலியாவதுபோல் லேசாவதையும் அவர் முதன்முறையாக உணர்ந்தார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேரின் கால்களை மிதித்தும் மிதிபட்டும் வந்தவர், தம் காலையே இப்போதுதான் சந்தித்தார்!

பிறகு ஒரு காலையில் அது நிகழ்ந்தது. கைகள் மேகம்போல் நகர்ந்தன. கனம் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் வழுக்கிச் சென்றது. வெளியேறிய மூச்சோடு முதுகின் விறைப்பும் வெளியேறிற்று. காலுக்கடியில் தரை இருந்தது. எங்கும் ஓடாத, எங்கும் திரும்பாத, வெறும் தரை.

"டாக்டரம்மா, தரை நிக்குது! நெசமா நிக்குது!" என்று அவர் கூவினார்.

"ஊரறிஞ்ச ரகசியம் அக்கா" என்றார் மேஸ்திரி. என்றாலும் தம் நல்ல கையால் தொடையைத் தட்டித் தட்டிக் கொண்டாடினார்.

அன்றிரவு விசிலக்கா கைகளை வயிற்றின்மேல் கோத்து உறங்கினார். விடியற்காலையில் விழித்தபோதுதான், கட்டில் விளிம்பைப் பிடிக்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. சிறுபிள்ளைபோல் தமக்குள் சிரித்துக்கொண்டார்.

தேர்வு நாள் வந்தது. மகள் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வகுப்பினர் அனைவரும் அழைக்காமலே வந்து வரிசையாய் அமர்ந்துவிட்டார்கள். டாக்டரம்மாவின் முகத்திலேயே பதற்றம் தெரிந்தது.

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுதல்: முடிந்தது. நடந்து சென்று திரும்புதல்: முடிந்தது. முதுகில் தள்ளுதல்: அதைப்பற்றி யாருக்கும் கவலை இல்லை.

"கண்ணை மூடுங்க அக்கா."

மூடினார். மகள் தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். விசிலக்காவின் உடல் இலேசாக ஆடிற்று. முன்னால் சற்று, பின்னால் சற்று. டாக்டரம்மாவின் கைகள் தாமாகவே உயர்ந்தன. அந்த நேரம் பார்த்தா அது நடக்க வேண்டும்? வெளியே தாழ்வாரத்தில் உணவு வண்டி எதன்மீதோ மோத, தட்டுகள் அத்தனையும் 'தடாங்' என்று சரிந்து உருண்டன!

அனைவரும் துள்ளிவிட்டார்கள். டாக்டரம்மாவே ஓரடி பின்வாங்கினார். விசிலக்காவின் கால்விரல்கள் மட்டும் ஒரு கணம் சுருங்கின. பின் அவை விரிந்தன. ஒரு நீண்ட மூச்சு வெளியேறிற்று. முழங்கால் தளர்ந்து, கனம் இரு பாதங்களிலும் இறங்கி நின்றது. விசிலக்காவும் நின்றார்.

"யாரோட தட்டு விழுந்துச்சோ, பாவம்" என்றார், கண்ணைத் திறவாமலே.

டாக்டரம்மா கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "போதும் அக்கா! போதும்! முடிஞ்சுது!" என்று கூவினார். பின்னர் ஒற்றைக் காலில் நிற்பதிலும் விசிலக்கா தேறிவிட, மேஸ்திரி எழுந்தே நின்று ஆரவாரித்தார். தாம் கைத்தடியை மறந்து எழுந்ததை அவரே கவனிக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் சொன்னதும் திகைத்துப்போய் மீண்டும் அமர்ந்தார்.

மகள் மட்டும் அசையவில்லை. "நின்னது சரிம்மா. மூணு மாடி ஏறணுமே?"

விசிலக்கா வாதாடவில்லை. நிலையத்தின் படிக்கட்டை நோக்கி நடந்தார். டாக்டரம்மா ஒருபுறமும் மகள் பின்னாலுமாகச் சென்றார்கள். முதற்படியின் முன் நின்று, சுவரில் பதித்த கம்பியைப் பார்த்தார்; கைநீட்டி அதைப் பற்றிக்கொண்டார். மகளின் புருவம் உயர்ந்தது.

"என்னம்மா, கம்பியெல்லாம் பிடிக்கிறே?"

"இப்ப நான் பாசஞ்சர்" என்றார் விசிலக்கா.

ஒரு காலில் கனத்தை நிறைத்து, மறுகாலைக் காலியாக்கித் தூக்கி, மேற்படியில் வைத்து, மீண்டும் நிறைத்து. அவசரமே இல்லை. முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். இரண்டாம் மாடியில் மகளுக்குத்தான் மூச்சு வாங்கிற்று. மூன்றாம் மாடியின் ஜன்னலருகே மூவரும் நின்றபோது, மகளின் கண்கள் கலங்கியிருந்தன.

"பயமா இருக்கும்மா, அவ்வளவுதான்" என்றாள் மெல்ல.

"எனக்கும் கொஞ்சம் இருக்கு கண்ணு" என்று அவள் தலையைக் கோதினார் விசிலக்கா. பிறகு, தெருவில் வழி சொல்வதுபோன்ற சாதாரணக் குரலில் சொன்னார்:

"நாளைக்கு நான் என் வீட்டுக்குப் போறேன்."