தலையில் இரண்டு தட்டு

கபடிப் பனியனின் முதுகைக் கழுத்திலிருந்து கீழ்வரைக்கும் வெட்டிக்கொண்டிருந்தாள் சாராள். மொட்டைக் கத்தரிக்கோல். துணி அறுபடாமல் மடிந்து மடிந்து நின்றது. விறைத்துப்போன கைகளைத் தூக்கி முழுப் பனியனை மாட்ட முடியாது, பின்னால் கிழித்துவிட்டு முன்பக்கமாகப் போர்த்துங்கள் என்று ஆம்புலன்ஸ்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஏழாம் நம்பர் தெரிந்தால் போதும்.

"வெள்ளச் சட்ட போடுடி. கோயிலுக்குப் போறாப்ல போவட்டும்" என்றாள் அம்மா கங்கம்மா, சுவரில் சாய்ந்தபடி.

"டீம் பசங்க கேக்கறாங்கம்மா."

"பசங்க கேட்டுக் கேட்டுத்தான் இப்டிப் பட்த்துகினு கீறான்."

சாராள் வெட்டி முடித்தாள். தம்பியின் கையைப் பனியனுக்குள் நுழைத்தாள். ஒரு காதிலிருந்து மறுகாதுவரை போட்டிருந்த தையலை மறைக்கத் தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். சாம்சனுக்கு இருபத்துநாலு வயது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொன்னேரி மைதானத்தில் மாவட்டக் கபடி ஃபைனலை ஜெயித்துக்கொடுத்துவிட்டு விழுந்தவன், திங்கள் விடியும்போது சென்னை ஆஸ்பத்திரியில் போய்விட்டான். இன்று செவ்வாய். அந்தக் கோப்பையை யாரோ கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பெட்டியைவிட அது பளபளத்தது.

வாசல் நிலையைப் பிடித்தபடி அவள் புருஷன் ஜோசப் நின்றிருந்தான். இரும்பு உருட்டு மில்லில் கிரேன் ஓட்டுபவன். பத்து வருஷமாகக் காலனி டீமுக்குக் கோச். இரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவன் தோளைத்தான் முதலில் தொட்டார்கள். மச்சானை மகன்போல வளர்த்தவன் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாராள் மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

திடீரென்று தெருமுனையில் பேண்டு வாத்தியம் நின்றது.

"வந்துட்டான்டா! அவன்டா அது!"

சேர்கள் கவிழும் சத்தம். சாராள் எட்டிப் பார்த்தாள். பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, கையில் ரோஜா மாலையோடு ஒருவன் பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தான். குணாளன். பொன்னேரி டீமின் கார்னர், மூலையில் நின்று காலைப் பிடிப்பவன். கடைசி ரெய்டில் சாம்சனின் கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்தவன். தனியாக வந்திருந்தான்.

முதல் அறை விழுந்தபோது மாலை கையில்தான் இருந்தது. இரண்டாவது அறையில் அது போயிற்று. டீம் கேப்டன் கோபால் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, முட்டியை வயிற்றில் ஏற்றினான். பீட்டர் பிளாஸ்டிக் சேரால் முதுகில் அடித்தான். சேரின் கால் உடைந்தது. உடைந்த காலாலேயே மறுபடி அடித்தான். குணாளன் திருப்பி அடிக்கவில்லை. "கால மட்டுந்தான்ணா புட்சேன், கால மட்டுந்தான்" என்றான். அந்த வாயில் ஒரு குத்து. உதடு பிளந்தது.

"எந்தக் கைடா? இதானே? இந்தக் கைதானேடா?"

வலது கையைத் தரையில் விரித்து வைத்து கோபால் மிதித்தான். சுள்ளி ஒடிவதுபோல ஒரு சின்னச் சத்தம். அதற்கப்புறம்தான் குணாளன் கத்தினான்.

ஜோசப் நிலையை விடவில்லை. நகரவும் இல்லை.

சாராள் அவனையே பார்த்தாள். இவர் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும். இந்தப் பையன்களுக்கு இவர் சொல்தான் வேதம்.

அவள் வீட்டு அடுப்படியில்தான் எல்லா ஆட்டமும் முதலில் நடக்கும். ஏழு டம்ளர் நம்ம ஆள், ஏழு வெங்காயம் எதிராளி. ஜோசப் டம்ளரை நகர்த்துவான். சாம்சன் வெங்காயத்தை நகர்த்துவான். "மாமா, இந்தக் கார்னர் வெங்காயம் அழுவிப் பூட்ச்சி, சப்ஸ்டிட்யூட் குடு" என்பான். அக்கா குழம்புக்குக் கேட்டால் "ஆட்டம் முடியட்டும்கா" என்பான். சைகைகளும் அங்கேதான் பிறந்தன. கோச் முட்டியைத் தொட்டால், கார்னர்வரை உள்ளே போ. நெஞ்சைத் தடவினால், தொடாமல் திரும்பி வா. ஆடுகிறவன் இடது கையால் தலையில் இரண்டு தட்டு தட்டினால், என்னால் முடியவில்லை, வெளியே எடு. அந்தச் சைகைக்குக் கேள்வி கிடையாது என்று ஜோசப்பே சட்டம் போட்டிருந்தான்.

போன வருஷ ஃபைனலில் சாம்சன் அப்படித் தட்டினான். தொடையில் தசைப்பிடிப்பு. ஜோசப் உடனே எடுத்தான். ஒரு பாயிண்டில் தோற்றார்கள். அந்த வருஷம் முழுக்கக் காலனியில் அவன் பெயர் 'ரெஸ்ட்டு ஜோசப்பு'. மில் கேட்டில், டீக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட. "இன்னா கோச்சு, கைய கழுவினியா, இல்ல அதுக்கும் ரெஸ்ட்டா?" குழாயடியில் சாராளுக்கும் கிடைத்தது. ஒருநாள் குடத்தை வைத்துவிட்டு வந்து அவனிடமே கேட்டாள்: "உனுக்கு இன்னா அவ்ளோ அவசரம், அவன எட்த்துட்ட?"

இந்த வருஷம் முதல் பாதியிலேயே ஒரு முட்டி சாம்சனின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. இடைவேளையில் வாந்தி எடுத்தான். வெயில் என்றார்கள். கடைசி ரெய்டுக்கு இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. பீட்டர் வெளியே துண்டைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். கோட்டுக்குப் போகுமுன் சாம்சன் திரும்பி நின்று, ஜோசப்பைப் பார்த்து, இடது கையைத் தூக்கித் தலையில் தட்டினான். ஒன்று. இரண்டு.

பெண்கள் பக்கத்திலிருந்து சாராள் பார்த்தாள். ஜோசப்பும் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி ஸ்கோர் போர்டைப் பார்த்தான். அப்புறம் குனிந்து முட்டியைத் தொட்டான்.

சாராள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. சாம்சன் உள்ளே போனான், கார்னரைத் தொட்டான், கால் பிடிபட்டது, நாலு பேர் மேலே விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் ஊர்ந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டது. அவள் துள்ளிக் குதித்தாள். பக்கத்தில் நின்றவளைக் கட்டிக்கொண்டாள். குவியல் கலைந்து, அந்தக் கை அப்படியே கிடந்ததைப் பார்க்கும்வரை குதித்துக்கொண்டுதான் இருந்தாள்.

முதல் அடியிலேயே மண்டைக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்போதே உட்கார வைத்திருக்க வேண்டுமாம்.

"அக்கா, நீ உள்ள போ!"

கோபால் சொன்னது காதில் விழும்போது அவள் பந்தலின் நடுவில் இருந்தாள். கத்தரிக்கோல் இன்னும் கையில் இருந்தது. அதைக் கீழே போட்டாள்.

"அவன் கைய வுட்றா."

"கொலகாரன்கா இவன்!"

"வுட்றான்றேன்ல!"

கோபால் காலை எடுத்தான். குணாளன் கையை வயிற்றோடு அணைத்துச் சுருண்டான். மூக்கிலிருந்து சொட்டிய ரத்தத்தில் ரோஜா இதழ்கள் ஒட்டியிருந்தன.

சாராள் வாசலைப் பார்த்தாள். "சொல்லுங்க" என்றாள்.

ஜோசப் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"யோவ். சொல்லுயா."

அவன் தலைகுனிந்தான். சாராள் இடது கையைத் தூக்கினாள். எல்லோரும் பார்க்கத் தன் தலையில் தட்டினாள். ஒன்று. இரண்டு.

ஊர்க்காரர்களுக்குப் புரியவில்லை. டீம் பசங்க மட்டும் அப்படியே நின்றார்கள்.

"எப்பக்கா?" கோபாலின் குரல் உடைந்திருந்தது.

"கடசி ரெய்டுக்கு முன்னாடி."

"மாமா பாத்தாரா?"

கோபால் வாசலுக்குப் போவதற்குள் பீட்டர் முந்திக்கொண்டு ஓடினான். "மாமா, பாத்தியா? நான் வெளிய குந்திகினு இருந்தேன், நான் பாக்கல, நீ பாத்தியா?" என்று கேட்டான். கையில் இன்னும் சேரின் கால்.

ஜோசப் ஆம் என்று தலையை ஆட்டினான்.

கோபால் அறைந்த அறையில் அவன் நிலைப்படியில் மோதி விழுந்தான். அடுத்தடுத்து விழுந்த உதைகளுக்குக் கையைக்கூடத் தூக்கி மறைக்கவில்லை. யாரோ கோப்பையை எடுத்து அவன்மேல் வீசினார்கள். அது முகத்தில் பட்டு, உருண்டு, சாக்கடை ஓரம் போய் நின்றது. கங்கம்மா உள்ளிருந்து, "போதும்டா, எம் புள்ள கிடக்கறான்டா அங்க, போதும்டா" என்று கதறியபோதுதான் நிறுத்தினார்கள்.

சாராள் நிறுத்தச் சொல்லவில்லை. குணாளனை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பிய்ந்த மாலையை எடுத்து, மண்ணைத் தட்டி, பெட்டிக்குள் தம்பியின் காலடியில் வைத்தாள்.

கல்லறைத் தோட்டம் மில்லின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டியே இருந்தது. சர்ச் ஐயர் ஜெபம் சொல்லும்போது ஷிப்ட் சங்கு ஊதியது. அது ஓயும்வரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். கங்கம்மா மூன்று பிடி மண் போட்டாள். சாராள் போட்டாள். டீம் பசங்க ஒவ்வொருவராகப் போட்டார்கள்.

மாமன்முறைக்காரன் போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

ஜோசப் குழிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். இருபுறமும் ஆளில்லை. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. கையில் மண் இருந்தது. விரலிடுக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சொரிந்து தீர்ந்தது. அவன் குனியவில்லை. திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் சாராளைப் பார்த்தான். பிறகு இடது கையை மெதுவாகத் தூக்கி, தலையில் வைத்துத் தட்டினான்.

ஒன்று. இரண்டு.

சாராள் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி, சுவருக்குமேல் மில்லின் புகைபோக்கியைப் பார்த்தாள். புகை கிழக்கே சாய்ந்துகொண்டிருந்தது.