தவிட்டுக்கு வாங்கிய மகள்

நோட்டரி வக்கீல் ராஜமாணிக்கம் டைப் அடித்த பத்திரத்தை நீட்டியதும் அப்பா பேனாவின் மூடியைக் கழற்றினார். இங்கிலீஷில் இருக்கிறது, தமிழில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள் என்றார். வக்கீல் சொன்னார். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு மூடியைத் திரும்பப் பேனாவில் மாட்டி மேசைமேல் வைத்தார்.

“என் மகள் இல்லன்னு போட்டிருக்குதுங்களா?”

“ஆமா. அதுக்குத்தான இந்தப் பத்திரமே.”

“அப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேங்க.”

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலை மெட்ராசில் எங்களுக்கு அமெரிக்கத் தூதரகத்தில் இண்டர்வியூ. எனக்கும் அம்மாவுக்கும் விசா கேட்டு பாலகிருஷ்ணன் மனுப் போட்டு ஐந்தாறு வருஷம் காத்திருந்து வந்த தேதி அது. இருபத்தோரு வயதைத் தாண்டிவிட்டால் பிள்ளைகளை வேறு வரிசையில் போட்டுவிடுவார்கள், அது எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். ஐப்பசி வந்தால் எனக்கு இருபத்தொன்று.

அப்பா என்று நான் எழுதுவது கொளஞ்சிநாதனை. அம்மாவின் அண்ணன். பாலகிருஷ்ணன்தான் என்னைப் பெற்றவர். எங்கள் ஊரிலேயே செராமிக் படிப்பைப் படித்துவிட்டு மஸ்கட் போய், அங்கிருந்து அமெரிக்காவில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்குப் போனவர். அப்பாவின் தங்கை புருஷன் என்ற கணக்கில் அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தலை சுற்றினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், தூதரகத்து அதிகாரிக்கும் சுற்றுமே என்பதுதான் அன்று எங்கள் பயம்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் ஆறு மாதம் தாண்டவில்லை. மூன்றாவதாக நான் பிறந்ததும் கொளஞ்சியப்பர் கோயில் படியில் என்னைக் கிடத்திவிட்டு அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் வந்த அவள் அண்ணன் சாமிக்கு ஒரு படி தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டார். பெற்றவர்களுக்குப் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால் எமன் எதைத் தேடி வருவான்? இப்படிச் செய்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. காது குத்துகிற வயதில் எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. கழுத்தில் தாலி ஏறும்வரை இவள் என் பிள்ளை என்று சாமியிடம் சொன்னவர், ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் தகப்பன் பெயர் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தித் தன் பெயரைச் சொல்லிவிட்டார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. செராமிக் எஸ்டேட்டில் சூளை வேலை, அதை விட்டால் நான்.

நான் வீட்டில் பிறந்தவள், எங்கேயும் பதிவு இல்லை. நான் யார் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். அதில் தகப்பன் பெயர் கொளஞ்சிநாதன். அதைத் திருத்த மாதக் கணக்கில் ஆகுமாம். தெருமுனையில் பக்கிரி வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு போன் போட்ட பாலகிருஷ்ணன் மாமா, “உங்க அண்ணன் கூத்துக்கு நான் பதில் சொல்லணுமா?” என்று அம்மாவிடம் கத்தினார். இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தவர்தான். சத்தியப் பத்திரம் ஒன்று வைத்துப் பாருங்கள் என்று சொன்னது வக்கீல்.

“ஒரு படி தவிட்டுக்கா இவ்ளோ ரோசம்?” வக்கீல் சிரித்தார்.

“சிரிங்க. மொத ரெண்டு புள்ளைங்களையும் மணிமுத்தாத்தங்கரையில இந்தக் கையாலதான் பொதைச்சேன்.” அப்பா குரலை உயர்த்தவில்லை. “நான் வாங்குனது சாமிகிட்ட. வாங்கலன்னு எழுதிக் குடுத்துட்டா, இது யாரு புள்ளைன்னு, அந்த ரெண்டையும் தூக்கிட்டுப் போனது தேட ஆரம்பிக்காதுங்களா?”

வக்கீல் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நான் கெமிஸ்ட்ரி படிக்கிறவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் மேசைமேல் இருந்த பத்திரத்தை அவர் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தேன். பெற்ற இரண்டு பேர், வாங்கியவர் என்று எனக்கு மூன்று பேர் மேலும் ஆத்திரம் வந்தது, அமெரிக்காவில் இருந்தவர் மேல் கொஞ்சம் கூடுதலாக.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அண்ணே, இவள உட்டுட்டு நான் எப்பிடிப் போவேன்? போவாம கெடந்தா அந்த மனுசன்கூட எப்பதான் வாழுவேன்?” அழாமல் கேட்டாள். அண்ணனிடம் அவள் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“சார், மகள் இல்லங்கிறத எடுத்துடுங்க,” என்றேன். “நடந்தத அப்படியே எழுதுங்க. பெத்தது யாரு, எதுக்குக் குடுத்தாங்க, இவரு என்ன குடுத்து வாங்குனாரு, பள்ளிக்கூடத்துல ஏன் இவரு பேரச் சொன்னாரு. எல்லாத்தையும்.”

“தவிட்டைப் படிச்சா வெள்ளைக்காரன் என்னம்மா நெனப்பான்? கோதுமைத் தவிடா, அரிசித் தவிடான்னு கேப்பான்.”

“அரிசித் தவுடுதாங்க,” என்றார் அப்பா, உடனே.

புதுத் தாளில் மறுபடி அடித்தார்கள். வக்கீல் வரி வரியாகத் தமிழில் சொல்ல, ‘வாங்கினேன்’ என்ற இடத்தில் அப்பா தலையசைத்தார். ‘பெற்ற தகப்பன் பாலகிருஷ்ணன்’ என்ற இடத்தில் அசைக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மெட்ராஸ் பஸ்ஸில் அவரே எனக்குப் பாடம் நடத்தினார். பத்திரத்தில் எழுதியாகிவிட்டது, இனி வாய் தவறி எல்லாம் கெட்டுவிடக்கூடாது என்று அவருக்கு ஒரே பதற்றம்.

“ஒங்கப்பா பேரு?”

“பாலகிருஷ்ணன்.”

“நான் ஒனக்கு யாரு?”

எனக்கு வாய் வரவில்லை. உளுந்தூர்பேட்டை தாண்டியும் வரவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவர் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார். விழுப்புரத்தில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். கடைசியில், “மாமா, போதுமா?” என்று சீறினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “அப்பிடித்தான். அப்பிடியே சொல்லணும்,” என்றார்.

வியாழக்கிழமை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஓர் அம்மாள். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அதிகாரி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் பத்திரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“இந்தக் கொளஞ்சிநாதன் உங்களுக்கு என்ன வேணும்?”

“மாமா.”

சொல்லிவிட்டேன். அம்மாவின் பிடி தளர்ந்தது. அதிகாரி ஏதோ எழுதினார், நிமிர்ந்தார், இன்னொன்று கேட்டார். அந்த அம்மாள் அதைத் தமிழில் சொன்னார்.

“அப்ப அமெரிக்காவுல இருக்கிறவர எப்படிக் கூப்பிடுவீங்க?”

இதை எங்களில் யாரும் யோசிக்கவில்லை. கேட்டது சின்னக் கேள்வி, ஒரே வார்த்தையில் பதில். பஸ்ஸில் எவ்வளவோ சொல்லிக் கொடுத்தவர் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. முழங்கையில் நகம் பதிந்தது. அப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அவரயும் மாமான்னுதான் கூப்பிடுவேன்,” என்றேன்.

அந்த அம்மாள் மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. காகிதங்களை அடுக்கிக் கிளிப் போட்டுத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மூன்று மணிக்கு வந்து கேளுங்கள் என்றார்கள்.

வாசலில் ஒரே கூட்டம், அவரவர் பைல்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அதில் எங்கள் சாப்பாட்டுப் பையைப் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார். அம்மா கோபத்தில் மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ஏம்மா அப்பிடிச் சொன்ன?” என்றார் என்னிடம். பிறகு வாசல் காவலாளியைப் பார்த்தார். உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்தார். “நான் கூட நிக்கக் கூடாது. யாராவது பாத்தா சந்தேகம் இன்னும் கூடும். நான் அந்தாண்ட போயிடுறேன். மூணு மணிக்கு நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”

பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கையில் காசு வைத்திருக்கிறாரா என்றும் தெரியாது. மேம்பாலத்துப் பக்கம் அவர் தலை மறையப் போவதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோனது.

“அப்பா,” என்று கத்திக் கூப்பிட்டேன்.

பிளாட்பாரத்தில் போய்க்கொண்டிருந்தவர்களில் நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் திரும்பாமல், நடையை இன்னும் கொஞ்சம் வேகமாகப் போட்டார்.