மூன்றாவது மூட்டை

கடலை மண்டியின் இன்னொரு டிரைவர் பிலவேந்திரனின் லாரி இரண்டு மூட்டைக் கரியில் திண்டிவனத்துக்கு இரண்டு நடை போய் வந்துவிடுகிறது. தன் வண்டிக்கு மட்டும் ஏன் மூன்று மூட்டை தேவைப்படுகிறது? நான்கு மாதமாக முருகையனுக்கு விடை கிடைக்காத கேள்வி இது. செஞ்சி ராஜகிரி மலை உச்சியில் வெளிச்சம் படுவதற்கு முன்னால், கடலை மண்டி வாசலில் குனிந்து நின்று லாரி அடுப்புக்குக் காற்று ஊதும் காற்றாடியின் கைப்பிடியைச் சுற்றிய அந்தச் சனிக்கிழமை விடியலிலும் அவன் மனம் அதையேதான் சுற்றியது.

ஜப்பான்காரனிடம் பர்மா விழுந்த பிறகு பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. கிடைத்தாலும் தொட முடியாத விலை. அதனால் ஓடுகிற லாரிகளுக்கெல்லாம் ஓர் இரும்பு அடுப்பைக் கட்டிவிட்டார்கள். ஆள் உயர உருளை. மேல்மூடியைத் திறந்து மரக்கரியைக் கொட்ட வேண்டும், அடியில் நெருப்பு. கரி முழுதாக எரிவதற்கு வேண்டிய காற்றைக் கொடுக்காமல் குறைத்துக் கொடுத்தால் அது ஒரு காஸைக் கக்கும். அந்தக் காஸ் நீளக் குழாய்களில் ஓடி ஆறி, தேங்காய் நார் அடைத்த பெட்டியில் தூசியைக் கழித்துக்கொண்டு எஞ்சினுக்குள் நுழையும். பெட்ரோல் செய்கிற வேலையைப் பாதி பலத்தில் செய்யும். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் அதுவே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். அதுவரை நெருப்புக்கு மூச்சுக் கொடுப்பது மனிதனின் கைதான். கால் மணி நேரம் நிறுத்தாமல் சுற்ற வேண்டும்.

பாவாடை காஸ் சோதனைக் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டினார். அவர் முருகையனின் மனைவி ரஞ்சிதத்துக்குத் தாய்மாமன். ஐம்பத்தைந்து வயதில் இந்த வண்டிக்குக் கிளீனர். சுடர் மஞ்சளாக ஆடியது. பிறகு நீலமாக நின்றது. நீலம் வந்தால் காஸ் தயார்.

"கைய எடு மாப்ள. சுடலையா உனக்கு?"

முருகையன் கைப்பிடியை விட்டான். சுட்டதா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. உள்ளங்கை மரத்துப்போய் மாதங்கள் ஆகிவிட்டன.

வைகாசி வரை மண்டியில் மூன்று மூட்டை கொடுத்தார்கள். கரி விலை மூன்று மடங்கானதும் முதலாளி பாண்டுரங்கன் இரண்டாகக் குறைத்தார். மூன்றாவதை முருகையன் தன் சாப்பாட்டுக்குக் கிடைத்த படிக்காசில் வாங்கினான். வழியில் வல்லம் ஏரிக்கரையில் கரி விற்கும் தைலம்மாளிடம் வாங்கி, ஓட்டத்தில் அடுப்புக்குள் கொட்டிவிட்டு, வெறுங்கோணியை இருக்கைக்கு அடியில் ஒளித்து வைப்பான். யாரிடமும் சொல்லமாட்டான். செஞ்சியில் டிரைவரின் மானம் அவன் எவ்வளவு குறைவாக எரிக்கிறான் என்பதில் இருந்தது. டீக்கடையில் அதைத்தான் பேசுவார்கள். அதிகம் எரிப்பவனுக்கு ஓட்டத் தெரியாது என்று அர்த்தம்.

அவன் செய்து பார்க்காதது இல்லை. குழாய் இணைப்புகளில் மெழுகுவத்தியைப் பிடித்து, சுடர் எங்கே உள்ளே இழுக்கப்படுகிறது என்று ஓட்டை தேடினான். புது நார் மாற்றினான். கரியை எலுமிச்சங்காய் அளவுக்கு உடைத்துத் தூள் சலித்துப் போட்டான். மூன்று மூட்டை மூன்றாகவே இருந்தது.

"படிக்காசு இன்னாதான் ஆவுது?" என்று ரஞ்சிதம் ஆவணியில் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. காலையில் கூழும் பொழுது சாய்ந்தால் கூழுமாக வீடு ஓடியது.

புரட்டாசியில் கரி இன்னும் ஏறியது. முழுப் படிக்காசும் அரை மூட்டைக்குத்தான் வந்தது. முருகையன் மீதிக்கு விறகைத் துண்டு போட்டு அடுப்பில் கலந்தான். அது தப்பு என்று அவனுக்குத் தெரியும். கரி ஏற்கெனவே வெந்தது, விறகு வேகாதது. விறகிலிருந்து தார் கிளம்பும். அது எஞ்சின் வால்வில் பசை போல ஒட்டும். தவிர, விறகு அடுப்புக்குள் குறுக்கே சிக்கி நிற்கும். அடியில் நெருப்பு குடைந்து போய் வெற்றிடமாகிவிடும்.

அந்தச் சனிக்கிழமை, தீவனூர் மேட்டில் கடலை மூட்டைகளோடு ஏறும்போது எஞ்சின் திணறியது. பாவாடை கரியைக் கிளறும் குத்துக்கம்பியோடு பின்னால் அடுப்புப் பக்கம் ஏறினார். மூடியைத் திறக்க ஒரு முறை உண்டு. ஒதுங்கி நின்று, விரல் அளவு தூக்கி, எரிகிற துணியைக் காட்டி, உள்ளே நிற்கும் காஸை எரியவிட்டு, அப்புறம்தான் திறக்க வேண்டும். வண்டி நின்றுவிடுமோ என்ற அவசரத்தில் அவர் ஒரேயடியாகத் திறந்தார். உள்ளே பாய்ந்த காற்றோடு தீ மேலே வந்தது.

அவர் புருவம் போயிருந்தது. வலக்கைத் தோல் மணிக்கட்டிலிருந்து சுருண்டு தொங்கியது. முருகையன் வேட்டியை நனைத்து அதைச் சுற்றினான். அழ வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. சுற்றி முடித்துவிட்டு, நின்றுபோன எஞ்சினைப் போய்த் திறந்தான்.

மாலையில் முதலாளி மண்டி வாசலில் நிற்க வைத்துக் கேட்டார்.

"வெறகு போட்டது யாரு?"

"நான்தான் முதலாளி. கரி பத்தல."

"பிலவேந்திரனுக்குப் பத்துது. மூணாவது வண்டி அமிர்தசாமிக்கும் பத்துது. உன் வண்டி மட்டும் கரியத் திங்குதா, இல்ல நீ விக்கிறியா?"

முதலாளி பதிலுக்கு நிற்காமல் தொடர்ந்தார்.

"பெட்ரோல் விலை ஏறுனப்ப கரிக்கு வந்தோம். இப்ப கரியும் ஏறுது. வாடகைய எவன்டா ஏத்திக் குடுக்கிறான்? எங்கியாவது குறைச்சாத்தான் நான் நிக்க முடியும்."

"மாமா கை வெந்துபோச்சு முதலாளி."

"ஆஸ்பத்திரிக்குக் காசு குடுத்தனுப்பினேன் இல்ல? திங்கக்கிழமை ரெண்டு மூட்டையில ஓட்டு. முடியலன்னா எஞ்சின் சுத்துற கம்பிய இங்க வெச்சிட்டுப் போ. ஆளா இல்ல ஊர்ல?"

ஞாயிற்றுக்கிழமை காலை வால்வுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டு, முருகையன் பிலவேந்திரன் வீட்டுக்கு நடந்தான். வல்லத்துக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டு மூட்டையில் ஓட்டும் அந்த வித்தை என்னவென்று காலில் விழுந்தாவது கேட்டுவிட வேண்டும். வேலை போனால் கூழும் இல்லை.

வீட்டின் பின்புறம் புகைந்துகொண்டிருந்தது. விறகைக் கரியாக்கும், மண் மூடிய ஒரு குழி. ஓரத்தில் நீலப் புகை. பிலவேந்திரன் மனைவி அருளம்மாள் குந்தி உட்கார்ந்து கரியை உடைத்துக் கோணியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கறுப்பு.

"இன்னா அண்ணி, கரி யாவாரமா?"

"ஆமா, மாடி கட்டப் போறோம்." அவள் நிமிரவில்லை. "உங்கண்ணன் வண்டிக்குத்தான் தம்பி. நாளுக்கு ஒரு மூட்டை. வேலியில இருந்த கருவேலம் பூரா போயிட்டுது. இனிமே கதவும் நிலையும்தான் பாக்கி. ஊர்ல சொல்லிடாத, மானம் போயிடும்னு குதிப்பாரு."

மாதா கோயிலுக்குப் போய்வந்த வெள்ளை வேட்டியோடு பிலவேந்திரன் பின்வாசலில் நின்றார். மூவரும் அந்தக் கோணியைப் பார்த்தார்கள்.

"அண்ணே, நீ ரெண்டு மூட்டையில ஓட்டலையா?"

"எப்பட்றா ஓட்டறது? எஞ்சினு எங்கப்பன் பேச்சக் கேக்குமா?"

"அப்புறம் ஏண்ணே டீக்கடையில..."

"நீதான்டா ஆரம்பிச்ச" என்றார் பிலவேந்திரன். குரலில் கோபம்கூட இல்லை. "சித்திரையில. 'ரெண்டு மூட்டையில ரெண்டு நடை அடிச்சேன்'னு சொன்ன. மண்டிக் கணக்குப்பிள்ளை பக்கத்துல டீ குடிச்சினு இருந்தான். அவன் போயி முதலாளிகிட்ட சொல்லிட்டான். நீ ஓட்டிட்டா நான் ஓட்ட மாட்டேனா? நானும் ஓட்டினேன்னு சொன்னேன். அமிர்தசாமியும் சொன்னான்."

முருகையனுக்கு நினைவு வந்தது. அன்றைக்குத் திண்டிவனத்தில் கடலை ஏற்றும் ரயில் வேகன் வரவில்லை என்று இரண்டாம் நடையில் வல்லத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாதித் தூரம் ஓடாத நாள் அது. அந்தப் பாதியை மட்டும் அவன் சொல்லவில்லை. வெட்கம் வரும் என்று காத்திருந்தான். வெறுமைதான் வந்தது. பாவாடையின் கை கண்ணுக்குள் தெரிந்தது.

அமிர்தசாமிக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் வந்து கோணியைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். "என் மூணாவது மூட்டை தீவனூர்ல, மச்சான் கடையில இருக்குது" என்றான்.

"நாளைக்கு நான் தர மாட்டேன்" என்றாள் அருளம்மாள்.

"ஏய், நடுவழியில நின்னுடும்" என்றார் பிலவேந்திரன்.

"நிக்கட்டும். ஒரு வண்டி நின்னா முதலாளி ஓட்றவனக் குத்தம் சொல்லுவாரு. மூணும் ஒரே எடத்துல நின்னா யாரச் சொல்லுவாரு?"

பிலவேந்திரன் குழியில் புகை கசிந்த இடத்தில் காலால் மண்ணைத் தள்ளினார். "மூணு பேருக்கும் வேலை போவும்" என்றார்.

"போனா மூணு பேருக்கும் போவட்டும்ணே" என்றான் முருகையன். "ஒருத்தனுக்குத் தனியாப் போனாத்தான் போனது போனது."

திங்கட்கிழமை விடியலில் மூன்று வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வண்டிக்கு இரண்டே மூட்டை. ஒருவர் மூட்டையை இன்னொருவர் தூக்கிப் பார்த்து, ஒருவர் கண்ணெதிரே இன்னொருவர் அடுப்பில் கொட்டினார்கள். பாவாடை வீட்டில் இருக்கவில்லை. வலக்கைக் கட்டோடு வந்து இடக்கையால் தீக்குச்சி கிழித்தார். மூன்று குழாயிலும் நீலம் நின்றது.

முதல் நடை போய் வந்தார்கள். இரண்டாம் நடையில், தீவனூர் தாண்டி, முருகையன் வண்டி இருமி இருமி ஓய்ந்தது. பின்னால் வந்த அமிர்தசாமியின் வண்டி கூப்பிடு தூரத்தில் நின்றது. பிலவேந்திரன் வண்டி இருவரையும் கடந்து ஒரு பர்லாங் போய் நின்றது. அவர் எஞ்சின் சுற்றும் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்து வந்தார்.

"ஒரு பர்லாங் அதிகம் வந்தேன் பாத்தியா" என்றார். முதல்முறையாக மூவரும் சிரித்தார்கள்.

"இனிமே டீக்கடையில அந்த ஒரு பர்லாங்க மட்டும் சொல்லு" என்றான் அமிர்தசாமி.

"மொளகு மூட்டைய உளுந்துன்னு பொய் சொன்னவனுக்கு உளுந்தாவே ஆக்கிக் குடுத்தாரு, இந்தத் தீவனூரு புள்ளையாரு" என்றார் பாவாடை. "நாம ரெண்டு மூட்டைக் கரின்னு பொய் சொன்னோம், ரெண்டாவே ஆக்கிட்டாரு."

ஒரு மணி நேரம் கழித்துச் செஞ்சி பஸ் வந்தது. வேகனில் கடலை ஏற்றுவதைப் பார்க்கத் திண்டிவனம் போய்க்கொண்டிருந்த பாண்டுரங்கன் அதிலிருந்து இறங்கினார். வரிசையாக நின்ற மூன்று வண்டிகளையும் பார்த்தார்.

"எவன் வண்டி மொதல்ல நின்னுது?"

"மூணும் நின்னுடுச்சு முதலாளி" என்றார் பிலவேந்திரன்.

"வேகன் அஞ்சு மணிக்குப் போயிடும்டா. நீங்கதான இத்தினி நாள் ஓட்டினீங்க?"

"எங்க வீட்டுக் கரியில ஓட்டினோம்."

"நாளைக்கே வேற ஆள் போடறேன்."

"போடுங்க. அவங்களுக்கும் ரெண்டு மூட்டை குடுத்து அனுப்புங்க. இதே எடத்துலதான் நிப்பாங்க."

பஸ்ஸின் டிரைவர் விநாயகம் எஞ்சினை அணைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். "என் பஸ்ஸுக்கும் ஒரு மூட்டைக் கரி குறையுது" என்று முதலாளி காதில் விழும்படியே சொன்னான். "நானும் ஊர்ல சொன்னதில்ல. ஸ்டாண்டுல மத்தவங்ககிட்ட கேக்கறேன்." பஸ் கிளம்பியது.

பாண்டுரங்கன் புளியமர நிழலுக்குப் போனார், திரும்பி வந்தார். குடையை விரித்தார், மடக்கினார்.

முருகையன் நெருப்பு ஓய்ந்த அடுப்பின் மேல் கை வைத்தான். இன்னும் முழுதாக ஆறவில்லை. உள்ளங்கை எரிந்தது. அது எரிவது அவனுக்குத் தெரிந்தது.

"இப்ப இன்னாதான் செய்யச் சொல்ற?" என்றார் முதலாளி.

"மூணு டன் கடலை, திண்டிவனத்துக்கு ரெண்டு நடை, மூணு மூட்டை கரி" என்றான் முருகையன். "மூணாவது மூட்டைய மண்டியில குடுத்தா வண்டி போய்ச் சேரும். குடுக்கலன்னா, கரி தீர்ந்த எடத்துல நிக்கும். மூணும் நிக்கும்."