அடிப்பிடித்த எஞ்சின்

அப்பா விட்டுப்போன சொத்தில் என் பங்குக்கு வந்தது ஒரு நீராவி எஞ்சின். பொம்மை என்று சொன்னால் மனிதர் எழுந்து வந்து சண்டை போடுவார். முழங்கை நீளம்தான், ஆனால் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பாய்லரில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினால் நிஜ எஞ்சின் மாதிரியே ஓடுமாம். நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே சித்தப்பா அதைத் தீய்த்துவிட்டார்.

அந்தக் கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் வளரவில்லை. "தண்ணியைப் பாத்துக்கடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, அப்பா விருந்தாளிகளிடம் பேசப் போனாராம். தம்பி பராக்குப் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் வற்றி, வெறும் பாய்லர் காய்ந்து, ஒட்டுகள் உருகிப் பிளந்துவிட்டன. அன்றிலிருந்து அவர் பெயர் அடிப்பிடிச்சான். எங்களோடுதான் இருக்கிறார். அவரை நம்பி யாரும் அடுப்பில் பால் வைத்துவிட்டுப் போவதில்லை. அவரும் தன்னை நம்புவதில்லை. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். நாங்கள் சிரிப்போம்.

எனக்குப் பொய்ப்பல் செய்யும் வேலை. குட்டி அரம், ஊசி, ஊதுவிளக்கு எல்லாம் கைவசம் உண்டு. எஞ்சின் என்ன பெரிய கொம்பா என்று பழுதுபார்க்க உட்கார்ந்தேன்.

யார் செய்தது என்று தெரியாமல் ஒரு திருகுகூட வாங்க முடியவில்லை. அப்பா "வெளிநாட்டுச் சரக்கு" என்று பீற்றிக்கொள்வார். பச்சைப் பெயின்டைச் சுரண்டினால் ஒரு முத்திரையும் இல்லை. இப்படிப்பட்ட எஞ்சின்களே கதியென்று கிடக்கும் ஒரு சங்கத்தின் செயலாளருக்குப் படங்கள் அனுப்பினேன். சக்கரமும் சட்டமும் பட்டறையில் விற்ற பாகங்கள், பாய்லர் யாரோ வீட்டில் கட்டியது, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் மட்டும் பிறகு யாரோ சேர்த்தது என்றார். அந்தக் குழாயைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன்.

"அதா? உங்கப்பா மாட்டினது. அது தீஞ்சுபோச்சே, அன்னைக்குக் காலையிலதான். அதைக் காட்டத்தானே எல்லாரையும் கூப்பிட்டார்!"

குழாயைக் கழற்றினேன். மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. இரண்டும் பாய்லருக்குள் திறந்திருந்தால்தான் உள்ளே இருக்கிற மட்டம் கண்ணாடியில் தெரியும். கீழ்த்துளையில் என் ஊசி இறங்கவில்லை. கசியக் கூடாதென்று அப்பா அள்ளி அப்பிய சிவப்புப் பசை உள்ளே பிதுங்கி, சூட்டில் கல்லாக இறுகி அடைத்திருந்தது. கண்ணாடியில் பாதி உயரத்தில் ஒரு உப்புக்கோடு. பாய்லர் வற்றிக்கொண்டே போயிருக்கிறது. கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர் மட்டும் பாதியில் அப்படியே நின்றிருக்கிறது.

அப்பாமேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. அரத்தைத் தூக்கி மூலையில் எறிந்தேன். சத்தம் கேட்டு வந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"போனவரைப் போய் எதுக்குக் குத்தம் சொல்ற? பேசாம வேலையைப் பாரு."

"இருக்கறவரை மட்டும் வாய்க்கு வந்தபடி சொல்லலாமாம்மா?"

நான் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். வந்தவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். எஞ்சினை அவர் தொடுவதில்லை. கண்ணாடிக் குழாயை அவர் கையில் திணித்து, கீழ்த்துளையைக் காட்டினேன்.

"ஊதுங்க சித்தப்பா."

ஊதினார். கன்னம் உப்பியதுதான் மிச்சம். திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். உப்புக்கோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா தாங்கியிருக்க மாட்டார்" என்றார் சித்தப்பா. "நல்லவேளை, தெரியாமயே போயிட்டார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. கண்ணாடியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்போ நான் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கேன். இல்லம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா சித்தப்பா."

"பாதி இருக்கு, பாதி இருக்குன்னு அன்னைக்குக் கத்தினேன். ஒருத்தரும் கேக்கல. அப்புறம் நானே கண்ணை மூடிட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."